புளித்துப்போன முற்றம்

சோசம்மா கத்தினால் பயமில்லை. கத்தி முடித்ததும் கஞ்சி வைத்துக் கூப்பிட்டுவிடுவாள். அவள் நிதானமாகப் பேசினால்தான் அவிராச்சனுக்குப் பயம். அந்த வருஷம் ஆடி மாதத்துக் கர்க்கடக வெள்ளம் வடிந்து, பள்ளிக்கூடத்து முகாமிலிருந்து இரண்டு பேரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஜன்னல் உயரத்துக்குச் சுவரில் சேற்றுக்கோடு. கட்டிலுக்கு அடியில் ஒரு செத்த மீன். அதைப் பார்த்துக்கொண்டே சோசம்மா நிதானமாகப் பேசினாள்.

"இச்சாயா, இனி ஒரு வெள்ளத்துக்கு நான் இங்க இருக்க மாட்டேன். ஈப்பச்சன் மாடி கட்டிட்டு இருக்கான். நான் கிழக்கே போறேன். வர்றதுன்னா நீங்களும் வாங்க."

'வர்றதுன்னா வாங்க' என்பதெல்லாம் சும்மா மரியாதைக்கு. குட்டநாட்டுத் துருத்தில், நாலு பக்கமும் தண்ணீருக்கு நடுவில் பிறந்து வளர்ந்த அவிராச்சன், கிழக்கே மலைப்பக்கம் மச்சினன் ஈப்பச்சன் வீட்டில் இரண்டு ராத்திரி தங்கினாலே மூன்றாம் நாள் காலையில் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார். தண்ணீர் கரையில் மோதும் சத்தம் இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது. அவர் போக மாட்டார், அவள் போய்விடுவாள். இது இரண்டு பேருக்குமே தெரியும். ஒரே மகள் அயர்லாந்தில் நர்ஸ். ஆக, இந்த வயதில் பெண்டாட்டி ஒரு கரை, புருஷன் ஒரு கரை என்று ஆகப்போகிறது.

சோசம்மாவைச் சொல்லியும் குற்றமில்லை. செம்மண் பூமியில் பிறந்தவள். குச்சியை ஒடித்து நட்டால் துளிர்க்கிற ஊர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் பார்த்தது தண்ணீர், சேறு, வாழை, தென்னை. ஒரு கைப்பிடிக் கீரை வேண்டுமென்றாலும் வள்ளம் ஏறிக் கடைக்குப் போக வேண்டும். தம்பி ஈப்பச்சன் வேறு போன் பண்ணும்போதெல்லாம் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவான். "என்ன அளியா, உங்க முற்றத்துல இந்த வருஷம் தவளை மகசூல் எப்படி?" என்பான். அவிராச்சன் சிரித்த மாதிரி காட்டிக்கொண்டு பல்லைக் கடிப்பார்.

"முற்றத்தை ஒரு ஆள் உயரம் தூக்கறேன்டி," என்றார் அவிராச்சன், அந்தச் சேற்றுக்கோட்டின் முன்னால் நின்று. "தண்ணி படிக்கட்டைத் தொடாது. முற்றத்துல நீ தோட்டம் போடு. காய் பறிச்சுப் பறிச்சு உன் கை வலிக்கும் பாரு."

"அடுத்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஈப்பச்சன் வருவான். அன்னைக்கு இந்த முற்றத்துல பறிச்ச காயில அவனுக்குச் சோறு போடணும். இல்லேன்னா அவன் வந்த வள்ளத்துலயே நானும் ஏறிடுவேன்."

"ஏறமாட்டே."

"பாப்போம்," என்று சொல்லிவிட்டு அவள் துடைப்பத்தை எடுத்தாள்.

எங்கள் பக்கத்தில் மண் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கிறது. கோடையில் ஆட்கள் வள்ளத்திலிருந்து முங்கி, வாய்க்காலின் அடியில் படிந்த சேற்றைக் கட்டை கட்டையாக வெட்டி மேலே கொண்டுவருவார்கள். தென்னந்தூருக்கும் அதுதான், வரப்புக்கும் அதுதான், முற்றத்துக்கும் அதுதான். வேறு ஊரில் ஆண்கள் கூடினால் அரசியல் பேசுவார்கள். இங்கே சேறு பேசுவார்கள். கையில் எடுத்தால் வெண்ணெயாக வழுக்க வேண்டும், கன்னங்கரேல் என்று இருக்க வேண்டும். கறுக்கக் கறுக்க மவுசு. ஆழத்துச் சேறுதான் கொழுத்த சேறு என்று இந்தத் துருத்தில் ஞானஸ்நானத்தோடு சேர்த்துக் காதில் ஓதிவிடுவார்கள் போல, அப்படி ஒரு நம்பிக்கை.

மாசி மாதம் பெரிய வாய்க்காலை ஆழப்படுத்த, மிதவை மேல் ஏற்றிய மண்வாரி இயந்திரம் ஒன்று வந்தது. அவிராச்சன் அதை ஓட்டுகிறவனைச் சாப்பிடக் கூப்பிட்டார். கரிமீன் பொரித்து, குடம்புளி போட்ட குழம்பு வைத்து, கப்பைக்கிழங்கு வேகவைத்து அவனைத் திக்குமுக்காட வைத்தார். அவன் விரலைச் சூப்பிக்கொண்டிருக்கிற நேரம் பார்த்து, "மோனே, மேல இருக்கிற சேறு வேண்டாம். அடியில இருந்து எடு. எவ்வளவு ஆழம் போக முடியுமோ போ," என்றார். அவனும் வஞ்சகம் இல்லாமல் போனான்.

வந்து விழுந்த சேற்றைப் பார்க்கவே ஆள் கூடியது. அப்படி ஒரு கறுப்பு. நடுநடுவே எந்தக் காலத்திலோ புதைந்த மரத்துண்டுகள் கரிக்கட்டையாக வந்தன. எதிர்க்கரை வாசவன், துருத்திலேயே பெரிய முங்குக்காரன், சேற்றைக் கையில் எடுத்து விரலுக்கு நடுவில் நசுக்கி, கண்ணை மூடிக்கொண்டான்.

"அவிராச்சா, இது சேறில்ல. அல்வா. என் ஆயுசுல இவ்வளவு ஆழத்துக்கு நான் முங்கினதில்ல. என் தென்னைக்கு ஒரு வள்ளம் கொடு."

"எடுத்துக்கடா. அளவு பார்க்காதே."

சோசம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றாள். "என்ன இச்சாயா இது, கூழ்முட்டை நாத்தம் அடிக்குது?"

"கொழுப்புடி. கொழுப்பு நாத்தம். உங்க ஊரு செம்மண்ணுக்கு இதெல்லாம் ஏது?"

முற்றம் உயர்ந்தது. கோடை வெயிலில் சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்தது. வெடிப்புக்குள் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் கோடுகள் ஓடின. வாசவன் குனிந்து பார்த்து, "நெய் பிரிஞ்சு வருது," என்றான். அவிராச்சன் அதை அப்படியே நம்பி, படகுத்துறையில் காத்திருந்த இரண்டு பேரிடம் சொல்லவும் செய்தார்.

முற்றத்தைச் சுற்றி வெட்டிய சாலில் தண்ணீர் தேங்கி நின்றது. அது தெளிந்த தெளிவு இருக்கிறதே, அடியில் ஊசி விழுந்தால் எடுத்துவிடலாம். இந்த ஊரில் அப்படி ஒரு தண்ணீரை யார் பார்த்தார்கள்? சோசம்மாவுக்கே சந்தோஷம். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் அவிராச்சனின் கோடி வேட்டியை அதிலேயே அலசிப் போட்டாள். மறுநாள் சர்ச்சில் குருத்தோலையைப் பிடித்துக்கொண்டு பவனி போனபோது பின்னால் வந்த பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. வேட்டியின் பின்பக்கம் முழுக்கத் துருக்கறை. வீட்டுக்கு வந்து அவர் போட்ட சத்தத்தில் எதிர்க்கரையில் வாசவனின் நாய் குரைத்தது.

"சோப்பு சரியில்ல போல," என்றாள் சோசம்மா. அவளுக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

சித்திரையில், மேட மாதத்து முதல் மழை விழுந்ததும் விதை போட்டார்கள். கீரை, வெண்டை, பயறு, கத்தரி. சோசம்மா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு பாத்தி கட்டினாள். முளை வந்த அன்று அவள் காலை ஜெபத்தைக்கூடச் சுருக்கமாக முடித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். அவிராச்சன் அதைப் பார்த்துவிட்டு, ஆயிற்று, இனி கிழக்காவது மேற்காவது என்று காலை நீட்டிக் கட்டன் சாயா குடித்தார்.

அந்த நிம்மதி ரொம்ப நாள் நிற்கவில்லை. இலை நுனி தீய்ந்தது. பிறகு இலையே வெளுத்தது. பயறு இரண்டு இலையோடு நின்றுவிட்டது, மேலே போகவும் இல்லை, சாகவும் இல்லை. பிடுங்கிப் பார்த்தால் வேர் கட்டை கட்டையாக, எலி கடித்துத் துப்பின மாதிரி இருந்தது. கத்தரி ஒரு வாரத்தில் மண்ணோடு மண்ணாகப் போனது.

"ஓரு வெள்ளம்," என்றான் வாசவன் அக்கரையிலிருந்து. கடல் தண்ணீர் உள்ளே ஏறினால் நாங்கள் ஓரு என்போம். "உப்பு ஏறிருக்கும். நக்கிப் பாரு."

எங்கள் ஊரில் இது வழக்கம்தான். உப்பு ஏறியதா என்று தண்ணீரையும் மண்ணையும் நாக்கில் வைத்துத்தான் பார்ப்போம். அவிராச்சன் ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்தார். உப்பு இல்லை. ஆனால் பச்சை மாங்காயைக் கடித்த மாதிரி பல் கூசியது, வாயெல்லாம் இழுத்துக்கொண்டது. மூன்று தடவை கொப்பளித்துத் துப்பினார்.

"என்ன?" என்றாள் சோசம்மா.

"ஒண்ணுமில்ல. உரம் பத்தலை."

மனுஷனுக்குத் தான் கொண்டுவந்த சேற்றின் மேல் ஒரு குற்றம் சொல்ல வாய் வருமா? வயலுக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த உரத்தை எடுத்து வாரி வாரி இறைத்தார். மிச்சமிருந்த கீரையும் போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பிறகு சோசம்மா கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கடைக்குப் போக மறுபடி வள்ளம் ஏற ஆரம்பித்தாள். ஒரு நாள் அவள் போனில் தம்பியிடம், மாடியில் சமையலறை எந்தப் பக்கம் வருகிறது என்று கேட்டது அவிராச்சன் காதில் விழுந்தது. அவர் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார். அழுகை வந்தது என்று சொன்னால் அடிக்க வருவார். ஆனால் வந்தது.

விஷயம் பிடிபட்டது சோசம்மாவுக்குத்தான். வாத்துக்காரர்கள் கூட்டம் ஒன்று வாய்க்கால் வழியாகப் போனபோது நாலைந்து வாத்துகள் தப்பி முற்றத்தில் ஏறின. முற்றத்தைக் கடந்து, சால் விளிம்பு வரை போய், தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தன. சோசம்மா கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"இச்சாயா, இங்க வாங்க. தண்ணியைக் கண்டு வாத்து திரும்பிப் போறதை எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

அவிராச்சன் பார்த்ததில்லை. இரண்டு பேரும் சால் ஓரம் குந்தி உட்கார்ந்தார்கள். தலைப்பிரட்டை இல்லை. கொசுப்புழு இல்லை. தண்ணீர்ப்பூச்சி ஒன்றுகூட இல்லை. கண்ணாடி மாதிரி தண்ணீர், அதன் அடியில் துருப்பிடித்த சேறு.

"தெளிவா இருக்கேன்னு சந்தோஷப்பட்டோமே, உயிரில்லாத தெளிவு இது," என்றாள் சோசம்மா. எழுந்து முற்றத்தை ஒரு சுற்று வந்தாள். சமையலறைச் சுவர் ஓரத்தில் நின்றாள். அங்கே யாரும் விதைக்காத ஒரு பூசணிக்கொடி, பச்சைப்பசேல் என்று, ஒரு கை அகல இலைகளோடு ஓடியிருந்தது. குப்பையிலிருந்து முளைத்தது. முற்றம் முழுக்க மொட்டை, இது மட்டும் செழிப்பு.

"இதென்ன மாயம்?" என்றார் அவிராச்சன்.

"மாயமில்ல. ஈஸ்டருக்குச் சுவர் வெள்ளையடிச்சோம் இல்ல? சுண்ணாம்பு வாளியை நான் இங்கதான் கழுவிக் கொட்டினேன்." அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "அன்னைக்கு மண்ணை நக்கிட்டு எதுக்கு அத்தனை தடவை கொப்பளிச்சீங்க? உண்மையைச் சொல்லுங்க."

"புளிச்சுது," என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு.

"அடப்பாவி மனுஷா! அப்பவே வாயைத் திறந்திருந்தா என் கத்தரியாவது பிழைச்சிருக்குமே. மாவு புளிக்கற மாதிரி மண்ணு புளிச்சுப் போயிருக்கு. கொழுப்பாம் கொழுப்பு!"

மறுநாள் அவிராச்சன் ஒரு பையில் மண்ணைக் கட்டிக்கொண்டு விவசாய ஆபீஸுக்குப் போனார். அங்கே இருந்த அதிகாரி ஷைனி மேடம் இளவயதுக்காரி, அதே குட்டநாட்டுக்காரி. மண்ணைத் தண்ணீரில் கலக்கி, ஒரு காகிதத் துண்டை அதில் தொட்டு எடுத்தாள். மஞ்சள் காகிதம் செக்கச்செவேல் என்று ஆனது.

"அச்சாயா, எவ்வளவு ஆழத்துல இருந்து எடுத்தீங்க?"

"மூணு ஆள் ஆழம் இருக்கும் மேடம்," என்றார் அவிராச்சன். அந்த நேரத்திலும் குரலில் ஒரு பெருமை வந்துவிட்டது.

அவள் சிரித்துவிட்டாள். "எங்கப்பாவும் இதையேதான் செஞ்சார். நம்ம ஆளுங்களுக்குக் கறுப்பைக் கண்டா கண்ணு தெரியாது. அந்த அடிச்சேறு தண்ணிக்குள்ள கிடக்கிற வரைக்கும் யாருக்கும் கெடுதல் பண்ணாது. மேல எடுத்துக் காயவிட்டா காத்துப் பட்டுப் புளிச்சு, வேரை எரிச்சிடும். அந்த மஞ்சள் கோடு இருக்கே, அதான் அடையாளம். கக்காக் கிளிஞ்சல் சுண்ணாம்பு போடுங்க. மழைத் தண்ணியை நிறுத்தி, அந்தப் புளிப்பைக் கழுவி வெளிய விடுங்க. மறுபடி சுண்ணாம்பு போடுங்க. மேல, வாய்க்காலோட மேல்மட்டத்து எக்கல், அந்த வண்டல் மண்ணை ஒரு முழம் பரப்புங்க. முக்கியமா, கோடையில காயவிடாதீங்க. காஞ்சா மறுபடி புளிக்கும்."

"கிறிஸ்துமஸுக்குள்ள சரியாயிடும் இல்லியா?"

"ஏதோ ஒரு மூலையில கீரை வரும். முழு முற்றமும் சரியாக மூணு மழை, மூணு வருஷமாவது ஆகும்."

அவிராச்சன் வள்ளம் துழாவித் திரும்பி வரும்போது அந்த 'மூணு மழை' அவர் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது. சோசம்மா படகுத்துறையிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"சுண்ணாம்புதான். நீ சொன்னதேதான்."

"எத்தனை நாளாகும்?"

"ஒரு மழை போதுமாம்," என்றார் அவிராச்சன், துடுப்பைத் துடைக்கிற சாக்கில் அவள் முகத்தைப் பார்க்காமல்.

சோசம்மா ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். "சரி," என்றாள்.

அதன் பிறகு நடந்த வேலையை இன்றைக்கும் துருத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். காயலில் வாருகிற கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்புப் பொடி, வள்ளம் நிறைய வந்து இறங்கியது. இரண்டு பேரும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு முற்றம் முழுக்க இறைத்தார்கள். காற்று திரும்பியதும் இரண்டு பேரும் தலை முதல் கால் வரை வெள்ளை. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்ததில் சோசம்மாவுக்குப் புரையேறியது. மண்வெட்டியால் கொத்திக் கலந்தார்கள். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்ததும் வரப்பை அடைத்துத் தண்ணீரைத் தேக்கினார்கள். இரண்டு நாள் கழித்துத் திறந்துவிட்டால் காவி நிறத்தில் தண்ணீர் ஓடும். மறுபடி தேக்கு, மறுபடி திற. மறுபடி சுண்ணாம்பு.

வாசவனின் தென்னையும் மஞ்சளடிக்க ஆரம்பித்திருந்தது. "நெய் பிரிஞ்சு வருதுன்னு சொன்னியேடா, நல்லா நக்கு," என்று அவிராச்சன் அக்கரையைப் பார்த்துக் கத்தினார். "உன் அல்வாவை நீயே தின்னு," என்று அவனும் கத்தினான். கத்தி முடித்துவிட்டு மிச்சச் சுண்ணாம்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். மழை சற்று விட்ட நாட்களில் அவனே முங்கி, வாய்க்காலின் மேல்மட்டத்து எக்கலை, மெத்தென்று சாம்பல் நிறத்தில் இருக்கிறதை, வாரிக் கொண்டுவந்து கொட்டினான்.

கர்க்கடகத்தில் தண்ணீர் ஏறியது. ஏறி ஏறி முற்றத்து விளிம்பைத் தொட்டு அங்கேயே நின்றது. அந்த வருஷம் அவர்கள் முகாமுக்குப் போகவில்லை. சோசம்மா ஜன்னலில் உட்கார்ந்து, சுற்றிலும் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு கஞ்சி குடித்தாள். "பாக்க நல்லாத்தான் இருக்கு," என்றாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தத் தண்ணீரைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான். அவிராச்சனுக்கு இருந்த சந்தோஷத்தில் இன்னொரு கரண்டி பயறு போட்டுக்கொண்டார்.

ஓணம் கழிந்து மறுபடி விதைத்தார்கள். இந்தத் தடவை கீரை வந்தது. சுவர் பக்கமாகப் பாதி முற்றம் பச்சை பிடித்தது. பயறு பந்தல் ஏறியது. மறு பாதி, சேறு கனமாக விழுந்த வாய்க்கால் பக்கம், தலையில் வழுக்கை விழுந்த மாதிரி கிடந்தது. என்ன போட்டாலும் முளைத்துச் செத்தது. சோசம்மா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தினமும் அங்கேயும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாள். அவள் கேட்காமல் இருந்ததுதான் அவிராச்சனை அரித்தது. ஒரு மழைதான் முடிந்துவிட்டதே, பாதி முற்றம் ஏன் மொட்டை என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன சொல்வது?

கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க அவருக்குத் தூக்கம் போனது. கடைசியில் மனுஷனுக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை என்று சொல்லக் கூடாது, கிறுக்கு என்றுதான் சொல்ல வேண்டும். வாசவனின் பெண்டாட்டி சட்டியில் மிளகாயும் கத்தரியும் வளர்ப்பவள். ஈப்பச்சன் வருகிற அன்று காலை, சோசம்மா சர்ச்சுக்குப் போன நேரம் பார்த்து, அவிராச்சனும் வாசவனுமாக அத்தனை சட்டியையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டுவந்து, வழுக்கையில் குழி தோண்டி, சட்டியோடு புதைத்து, மேலே மண்ணை இழுத்து மூடினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தோட்டம் அமர்க்களமாகத்தான் இருந்தது.

"கர்த்தர் மன்னிப்பாரா அவிராச்சா?" என்றான் வாசவன்.

"கர்த்தரை நான் பாத்துக்கறேன். நீ உன் பெண்டாட்டி வாயைத் திறக்காம பாத்துக்க."

மத்தியானம் ஈப்பச்சன் வந்து இறங்கினான். தொப்பை முன்னால், அவன் பின்னால். முற்றத்தில் ஏறினவன் நின்றுவிட்டான்.

"அளியா! இது நிஜமா? தவளை எல்லாம் எங்க போச்சு?"

"அதுங்களுக்கு இப்ப இங்க இடமில்லடா," என்றார் அவிராச்சன். குரல் சரியாக வந்துவிட்டதில் அவருக்கே ஆச்சரியம்.

திண்ணையில் இலை போட்டார்கள். முற்றத்துக் கீரையில் தேங்காய் போட்டுத் துவட்டல், முற்றத்துப் பயறில் ஒரு கூட்டு, வாத்துக் கறி. ஈப்பச்சன் கீரையை மூன்று தடவை கேட்டு வாங்கினான். அவிராச்சனுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. அப்போது பார்த்து அந்தப் பாவி, "கறிக்கு ஒரு பச்சை மிளகாய் கடிச்சா நல்லாருக்கும் சேச்சி. அதோ அவ்வளவு காய்ச்சிருக்கே," என்றான்.

அவிராச்சன் எழுவதற்குள் சோசம்மா எழுந்துவிட்டாள். நேரே வழுக்கைக்குப் போனாள். காயைப் பறிக்கவில்லை. செடியை அடியோடு பிடித்து ஒரு இழு இழுத்தாள். சட்டி கையோடு வந்தது.

ஈப்பச்சன் வாயில் வைத்த சோற்றை மறந்தான். அக்கரையில் வாசவன் சட்டென்று வீட்டுக்குள் போய்விட்டான். அவிராச்சன் இலைக்கு முன்னால், கையில் காய்ந்த சோற்றோடு, தீர்ப்புக்குக் காத்திருக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

சோசம்மா சட்டியோடு வந்து திண்ணையில் வைத்தாள். ஒரு மிளகாயைப் பறித்துத் தம்பி இலையில் போட்டாள்.

"ஈப்பச்சா, பாதி முற்றம் இன்னும் செத்துதான் கிடக்கு. சரியாக மூணு மழை ஆகும்னு ஆபீசர் சொன்னாங்க. ஒரு மழைதான் ஆகியிருக்கு."

அவிராச்சன் நிமிர்ந்தார். "உனக்கு எப்படி...?"

"நீங்க போயிட்டு வந்த அடுத்த நாளே நானும் போனேன். உங்க மூஞ்சி பொய் சொல்ற லட்சணம் எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் சோறு போடறேன்." அவள் குரல் நிதானமாக இருந்தது. "தெரிஞ்சுதான் சுண்ணாம்பு இறைச்சேன். தெரிஞ்சுதான் தண்ணி ஊத்தறேன்."

"அப்ப என்ன சேச்சி, கிளம்பு," என்றான் ஈப்பச்சன். "மாடி ரெடியா இருக்கு. சமையலறை நீ சொன்ன பக்கம்தான் வெச்சிருக்கேன்."

"மாடியை வாடகைக்கு விட்ருடா."

"என்ன?"

"எப்படி வர்றது சொல்லு? நான் வந்துட்டா இந்தக் கோடையில இதுக்குத் தண்ணி ஊத்தறது யாரு? இவரா? ரெண்டு நாள் ஊத்திட்டு படகுத்துறையில போய் உட்காந்து சேறு பேசுவார். ஒரு கோடை காஞ்சா போதும், அத்தனையும் திரும்பப் புளிச்சுப் போயிடும். நான் கொத்தின மண்ணு அது." அவள் தம்பி இலையில் இன்னும் கொஞ்சம் கீரை வைத்தாள். "அடுத்த தடவை வரும்போது நம்ம வீட்டுச் சாதிக்காய் மரத்துல இருந்து நல்ல கன்னா ஒண்ணு கொண்டா. மண்ணு சரியானதும் அந்த மூலையில வைக்கணும்."

"சாதிக்காயா? அது காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகுமே சேச்சி."

"ஆகட்டும். எனக்கென்ன அவசரம்?"

அவிராச்சன் வாயைத் திறந்தார். மூன்று மழையில் இன்னும் இரண்டு, அதற்கு மேல் ஏழெட்டு வருஷம் என்று மனசுக்குள் கணக்கு ஓடியது. கண் நிறைந்து இலை கலங்கித் தெரிந்தது.

"மிளகாய் காரம்," என்றார்.

"நீங்க இன்னும் மிளகாயே கடிக்கலை," என்றாள் சோசம்மா, அவர் இலையில் சோறு போட்டுக்கொண்டே.